போர்ப்படத் துப்பாக்கிகள்: எது அசல், எது ஒப்பனை?

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து ஒரு போர்ப்படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குண்டடி பட்ட சிப்பாய் ஒருவன் அம்மாவை நினைத்துக் கண் கலங்குகிற நேரம் பார்த்து, இவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்துவார். “அவன் கையில இருக்கிற துப்பாக்கி அந்த வருஷத்துல வரவே இல்ல, தெரியுமா?” என்பார். மனைவி முறைப்பார். பிள்ளைகள் கைப்பேசியோடு அறைக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். என் கட்சிக்காக இந்த வாரம் கொஞ்சம் வாதாடலாம் என்று நினைக்கிறேன்.

வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் படம் ‘சேவிங் பிரைவேட் ரையன்’. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1998ல் வெளிவந்தது. சிறந்த இயக்குநர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவு என ஐந்து ஆஸ்கார் வாங்கியது. 1944 ஜூன் 6ஆம் தேதி பிரான்சின் நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியதை, படத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் மூச்சு விடாமல் காட்டியிருப்பார்கள். படம் வெளிவந்தபோது, அந்தப் போரில் இருந்த முதியவர்களில் பலர் அதைப் பார்த்துக் கலங்கிப்போனார்கள். அவர்கள் அழைத்துப் பேசுவதற்கென்றே அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை தனித் தொலைபேசி எண் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு காலைப்பொழுதை ஒரு படம் அப்படித் திருப்பிக் கொண்டுவந்தது என்றால், அதில் பெரும்பங்கு சத்தத்துக்கு உண்டு.

*‘பிங்’*

படத்தின் ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம். வழக்கமாக ஹாலிவுட்டில் துப்பாக்கிச் சத்தத்துக்கென்று பழைய ஒலிக் கிடங்கு ஒன்று இருக்கும். எல்லாப் படத்திலும் அதே ‘டுமீல்’தான். இவர்கள் அதை ஒதுக்கிவிட்டு, அந்தக் காலத்து அசல் ஆயுதங்களை அசல் தோட்டாவோடு சுட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். அதனால்தான் இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், யார் யாரைச் சுடுகிறார்கள் என்று சொல்லிவிட முடிகிறது.

அமெரிக்கச் சிப்பாயின் கையில் இருப்பது எம்1 காரண்ட் ரைபிள். ஜான் காரண்ட் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1936ல் ராணுவம் ஏற்றுக்கொண்டது. எடை நான்கு கிலோவுக்கும் மேல். எட்டுத் தோட்டாக்களை ஓர் இரும்புக் கவ்வியில் சேர்த்து, கவ்வியோடு சேர்த்தே துப்பாக்கிக்குள் திணிக்க வேண்டும். எட்டாவது தோட்டா வெடித்ததும் அந்தக் காலிக் கவ்வி ‘பிங்’ என்று மேலே துள்ளி விழும். எவர்சில்வர் தம்ளரைச் சிமெண்டுத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். படத்தில் இது தெளிவாகக் கேட்கும்.

இந்தப் ‘பிங்’ பற்றி ஒரு கதை உலவுகிறது. ஜெர்மானியர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், ‘இவன் துப்பாக்கி காலி’ என்று தெரிந்துகொண்டு பாய்ந்து வந்து சுடுவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் காதைப் பிளக்கும் இடத்தில், நூறு மீட்டருக்கு அப்பால் விழும் ஒரு தகடு யார் காதில் விழும்? கேட்டாலும், அவனுக்குப் பக்கத்திலேயே இன்னும் பத்துப் பேர் தோட்டா நிரம்பிய துப்பாக்கியோடு நிற்பார்கள். நான் நம்பவில்லை.

காரண்டின் உண்மையான பெருமை வேறு. விசையை அழுத்த அழுத்த அது சுட்டுக்கொண்டே இருக்கும். எதிரில் இருந்த ஜெர்மன் சிப்பாயின் 98கே ரைபிள் ஐந்து தோட்டா பிடிக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் தாழ்ப்பாளைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, இறக்கிப் பூட்ட வேண்டும். இந்த வேக வித்தியாசத்தைப் படம் சரியாகக் காட்டுகிறது. ஜெர்மானியர் இதைச் சமாளித்த விதத்தையும் காட்டுகிறது. அவர்கள் தம் படைக்குழுவை ரைபிளை நம்பி அமைக்கவில்லை, எம்ஜி42 என்ற இயந்திரத் துப்பாக்கியைச் சுற்றி அமைத்தார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 தோட்டா. கணக்குப் போட்டால் விநாடிக்கு இருபது. மனிதக் காது அதைத் தனித்தனி வெடியாகப் பிரித்துக் கேட்க முடியாது. கெட்டித் துணியை இழுத்துக் கிழிப்பது போலத்தான் கேட்கும். படகின் முன்கதவு இறங்கியதும் முன்வரிசை ஆட்கள் ஒரே நேரத்தில் சரிகிறார்களே, அந்தக் காட்சியின் பின்னால் கேட்பது அந்தக் கிழிசல் சத்தம்தான்.

சின்னச் சின்ன விஷயங்களிலும் கவனம் தெரிகிறது. படகில் வரும்போது துப்பாக்கிகள் தெளிவான பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டிருக்கும். உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே போகக்கூடாது என்று அன்றைக்கு உண்மையிலேயே அப்படித்தான் கொடுத்தார்கள். முன்பெல்லாம் வந்த போர்ப்படங்களில் இதைக் காட்டமாட்டார்கள். துப்பாக்கி பளபளவென்று தெரிய வேண்டுமே! ரீபன் என்ற பாத்திரம் தூக்கிக்கொண்டு நடக்கும் கனமான பிஏஆர் துப்பாக்கியில் முன்னங்கால் தாங்கி இருக்காது. அதுவும் தவறல்ல. சுமை குறையட்டும் என்று பல சிப்பாய்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

*‘தம்பி’களின் குழாய்*

கடற்கரைக் காட்சியில் இன்னொரு பொருள் வருகிறது. நம்மவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

உயிர் தப்பியவர்கள் மணல் மேட்டின் ஓரமாகப் பதுங்கியிருக்கிறார்கள். மேலே முள்வேலி. அதைத் தாண்டினால்தான் வழி. அப்போது “பேங்களூர்!” என்று கத்துவார்கள். நீளமான இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து, ஒன்றோடு ஒன்று பொருத்தி, முள்வேலிக்கு அடியில் தள்ளித் தள்ளிச் செருகுவார்கள். பிறகு ஒரு பெருவெடிப்பு. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்துவிடும்.

அந்தக் கருவியின் பெயர் பேங்களூர் டார்பிடோ. ஆமாம், நம் பெங்களூர்தான். 1912ல், பெங்களூரில் இருந்த ‘மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளிண்டாக் உருவாக்கியது. வெடிமருந்து அடைத்த குழாய்த் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்தடி. எத்தனை வேண்டுமானாலும் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். தள்ளுகிறவர் குண்டுக்குத் தலையைக் காட்டாமல் தூரத்தில் படுத்திருக்கலாம். எளிமையான யோசனை. ஆனால் முதல் உலகப் போரின் முள்வேலிகளுக்கு நடுவே அதன் அருமை தெரிந்தது. பிறகு அமெரிக்கர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மெட்ராஸ் படை 1780ல் தொடங்கியது. சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் மற்றத் தென்னாட்டவரும் சேர்ந்த படை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணி வெடி அகற்றுவது இவர்கள் வேலை. இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் இந்தப் படையினருக்குச் செல்லப் பெயர் ‘தம்பி’. 1962ல் வந்த ‘தி லாங்கஸ்ட் டே’ படத்திலும் இதே கருவி இதே கடற்கரையில் வரும். இரண்டு படங்களிலுமே இது காலத்துக்குப் பொருத்தமானது. பெயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் இரண்டிலும் யாரும் சொல்வதில்லை. சொல்ல நேரமும் இல்லை, குண்டு பறக்கிறது.

*சறுக்கிய இடங்கள்*

இவ்வளவு கவனமாக எடுத்த படத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன.

படத்தில் எல்லாருக்கும் பிடித்த பாத்திரம் ஜாக்சன். குறி பார்க்கும்போது பைபிள் வாசகம் முணுமுணுக்கும் இடது கைக்காரச் சிப்பாய். அவன் வைத்திருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு எம்1903ஏ4 ரைபிள் காலத்துக்குச் சரியானது. அமெரிக்கத் தரைப்படையின் தொலைகுறி வீரர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவன் அதன்மேல் இரண்டு தொலைநோக்கிகளை மாற்றி மாற்றிப் பூட்டுகிறான். ஒன்று அந்த ரைபிளுக்கே உரிய குட்டையானது. இன்னொன்று நீளமான, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் யூனெர்ட்டல். இந்த யூனெர்ட்டல், பசிபிக் தீவுகளில் ஜப்பானியரோடு போரிட்ட அமெரிக்க மரீன்களின் பொருள். நார்மண்டியில் ஒரு தரைப்படைச் சிப்பாயின் பைக்குள் அது இருந்திருக்க வழியில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், மாற்றுவதுதான். தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பூட்டினால் வேலை முடிந்துவிடாது. குறி வைக்கும் இடத்தில்தான் தோட்டா விழுகிறதா என்று பல தடவை சுட்டுப் பார்த்துத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். கழற்றி மாட்டினால் அந்தச் சரிசெய்தல் போய்விடும். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கோணல் என்றால், 300 மீட்டர் தூரத்தில் குறி 30 செண்டிமீட்டர் தப்பும். நெஞ்சுக்கு வைத்தது தோளைத் தாண்டிப் பறந்துவிடும். ஜாக்சனோ நடுப்போரில் மூக்குக்கண்ணாடி மாற்றுவது போல மாற்றிவிட்டு, அடுத்த நொடியே எதிரியின் தொலைநோக்கிக் குழாய் வழியாகக் கண்ணிலேயே சுடுகிறான். (அப்படிச் சுட்டதாக வியட்நாம் போரில் கார்லோஸ் ஹாத்காக் என்ற அமெரிக்க மரீன் சொன்னதுண்டு. அவர் நடுவில் தொலைநோக்கியை மாற்றவில்லை.)

கடலுக்கு அடியில் நடக்கும் காட்சி அடுத்தது. படகிலிருந்து குதித்த சிப்பாய்கள் சுமையோடு அமிழ்கிறார்கள். மேலே இருந்து தோட்டாக்கள் வெள்ளைக் கோடு போல நீரைக் கிழித்து வந்து அவர்கள் உடலில் பாய்கின்றன. சுற்றிலும் நிசப்தம். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆனால் அதிவேக ரைபிள் தோட்டாவுக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட சுவர் மாதிரி. ஒரு மீட்டர் ஆழம் போவதற்குள் வேகம் செத்துவிடும், பல நேரம் தோட்டாவே சிதறிவிடும். அவ்வளவு ஆழத்தில் இருந்தவர்களைத் தோட்டா கொன்றிருக்காது. முதுகில் இருந்த மூட்டைதான் கொன்றது. அன்றைக்கு மூழ்கி இறந்தவர்கள் ஏராளம். இந்தத் தவற்றை மட்டும் நான் மன்னித்துவிடுகிறேன்.

கடைசிச் சண்டையில் இரண்டு டைகர் டாங்கிகள் வருகின்றன. தூரத்தில் தரை அதிரும் சத்தம் முதலில், உருவம் பிறகு. ஆனால் உற்றுப் பார்த்தால் சக்கரங்கள் காட்டிக்கொடுத்துவிடும். அவை ரஷ்ய டி-34 டாங்கிகள். மேலே தகடு அடித்து டைகர் வேடம் போட்டிருக்கிறார்கள். வேறு வழியும் இல்லை. உலகத்திலேயே ஓடக்கூடிய நிலையில் இருக்கும் டைகர் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றுதான். 1943ல் துனிசியாவில் பிடிபட்டது. 2014ல் பிராட் பிட் நடித்த ‘ஃபியூரி’ படத்துக்கு அதையே கொண்டுவந்து ஓட்டினார்கள்.

வேடத்தைவிட, வந்த இடம்தான் தவறு. 1944 ஜூனில் நார்மண்டியில் இருந்த டைகர்கள் பிரிட்டிஷ், கனடியப் படைகளுக்கு எதிரே, கான் நகரைச் சுற்றித்தான் நின்றன. அமெரிக்கர்கள் அந்த மாதத்தில் டைகரைக் கண்டிருப்பதே அரிது. படத்தின் கடைசிச் சண்டை நடப்பது ஜூன் 13. கேப்டன் மில்லரின் கல்லறையில் அந்தத் தேதிதான் எழுதியிருக்கும். அதே ஜூன் 13ல் உண்மையில் டைகர்கள் வில்லர்ஸ்-போகாஜ் என்ற ஊரில் ஒரு பிரிட்டிஷ் டாங்கிப் படையை நாசம் செய்துகொண்டிருந்தன. மில்லர் காக்கும் ரமெல் என்ற ஊரோ கற்பனை ஊர்.

மில்லர் தன் கைத்துப்பாக்கியால் அந்த டாங்கியை நோக்கிச் சுடுவது தவறு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. சாகப்போகும் மனிதன் கையில் இருந்ததைச் சுடுகிறான். எம்1911, ஏழு தோட்டா, சரியான காலத்துத் துப்பாக்கி. அப்போது வானத்திலிருந்து வந்து டாங்கியைத் தகர்க்கும் விமானம்தான் இடிக்கிறது. பி-51 மஸ்டாங்கைக் காட்டி ‘டாங்கிக் கொல்லி’ என்கிறார்கள். அந்த வேலையை அங்கே பெரும்பாலும் செய்தவை பி-47 தண்டர்போல்ட்டும் பிரிட்டனின் டைஃபூனும்.

*படகோட்டியவர் யார்?*

இதுவரை சொன்னவை எல்லாம் என்னைப் போன்றவர்களின் நச்சரிப்பு என்று ஒதுக்கிவிடலாம். இனிமேல் சொல்வதை அப்படி ஒதுக்க முடியாது.

படத்தில் மில்லரின் ரேஞ்சர் படையினரைக் கரைக்குக் கொண்டுபோகும் படகுகள் அமெரிக்கப் படகுகள், ஓட்டுபவர்கள் அமெரிக்கர்கள். உண்மையில் அந்தப் பகுதியில் இறங்கிய இரண்டாவது ரேஞ்சர் படையணியின் ‘சி’ பிரிவினரை ஏற்றிச் சென்றவை எல்சிஏ என்ற பிரிட்டிஷ் படகுகள். ஓட்டியவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். அதே குண்டுமழைக்குள் அவர்களும் வந்தார்கள். உலகமே பார்த்த படத்தில் அவர்கள் இல்லை. பிரிட்டனில் இதைக் குறித்து மனத்தாங்கல் எழுந்ததில் வியப்பில்லை. படகின் மாதிரி மாறியது ஒரு பொருள் தவறு போலத் தோன்றும். ஆனால் படகோடு சேர்ந்து ஆட்களும் மாறிவிட்டார்கள்.

மலேசியாவில் இருக்கும் நமக்கு இந்த வலி புரியாததல்ல. 1957ல் வந்த டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ ஏழு ஆஸ்கார் வாங்கிய படம். இலங்கையின் கித்துல்கலவில் எடுத்தது. சயாம்-பர்மா ரயில்பாதையை, அந்த 415 கிலோமீட்டரை, பிரிட்டிஷ் போர்க்கைதிகள் கட்டிய கதை. படத்தில் மரப்பாலம், அதிரடிப் படையினர் வைத்த வெடியில் சிதறும். உண்மையில் அந்த ஆற்றில் கான்கிரீட் தூண்மேல் நின்றது இரும்புப் பாலம். 1945ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு அதை உடைத்தன. பாலத்தை விடுங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு அந்தப் படத்தின் கதையில் இடமே இல்லை. அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, இறந்த போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. தாத்தாவோ தாத்தாவின் அண்ணனோ ‘சயாம் மரண ரயிலுக்கு’ப் போய்த் திரும்பாத வீடுகள் நம்மிடையே இன்றும் இருக்கின்றன. அந்த வீடுகளிலும் அந்தப் படத்தின் சீட்டியொலி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

*சூலுக்களின் கையில் எப்படி வந்தது?*

துப்பாக்கித் தவறு கதையையே மாற்றிவிடுவதற்கு என் பட்டியலில் முதல் உதாரணம், 1964ல் வந்த ‘சூலு’. மைக்கேல் கெயினை உலகம் அறியச் செய்த படம். 1879 ஜனவரி 22, 23ல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில், சுமார் 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கான சூலு வீரர்களைத் தடுத்து நின்ற சம்பவம். அதற்காகப் பதினொரு விக்டோரியா கிராஸ் விருதுகள் கொடுக்கப்பட்டன.

சிப்பாய்களின் கையில் மார்ட்டினி-ஹென்றி ரைபிள். ஒரு தோட்டா போட்டு, சுட்டு, நெம்புகோலை இறக்கி, அடுத்த தோட்டா போட வேண்டும். இது சரி. ஆனால் அதிகாரிகள் இடுப்பிலிருந்து உருவுவது வெப்லி மார்க் 6 கைத்துப்பாக்கி. அது வந்தது 1915ல். 36 வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது! பின்வரிசையில் சிலர் கையில் லீ-என்ஃபீல்டுகூடத் தெரியும். அசல் மார்ட்டினிகள் போதவில்லை என்றால், இருப்பதைக் கொடுத்துக் கூட்டத்தில் நிறுத்திவிடுவது அந்தக் கால வழக்கம். இவை கண்ணுக்கு உறுத்தும், கதைக்குப் பாதகமில்லை.

பாதகம் வேறோர் இடத்தில். படத்தில் சூலு வீரர்கள் மலைமேலிருந்து மார்ட்டினி-ஹென்றியால் சுடுகிறார்கள். அதற்கு முந்திய சில மணி நேரத்தில் இசாண்டல்வானாவில் பிரிட்டிஷ் படையை அழித்து அங்கிருந்து எடுத்த துப்பாக்கிகள் என்று விளக்கம். உண்மையில் ரோர்க்ஸ் டிரிஃப்டைத் தாக்கியவர்கள், இசாண்டல்வானாவின் முக்கியச் சண்டையில் இறங்காமல் பின்னால் நிறுத்தப்பட்டிருந்த படையினர். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் வியாபாரிகள் தள்ளிவிட்ட பழைய மஸ்கெட் துப்பாக்கிகள். கிட்டத்தில்தான் குறி நிற்கும். அதை வைத்துக்கொண்டும் ஈட்டியை வைத்துக்கொண்டும், நவீன ரைபிள் வரிசையை நோக்கி இரவு முழுக்க மீண்டும் மீண்டும் ஓடி வந்தார்கள். படம் அவர்கள் கையில் நல்ல துப்பாக்கியைக் கொடுத்தது. அதனால் அவர்களுடைய துணிச்சலின் அளவு குறைந்துவிட்டது.

அந்தப் படமே ஆள் விஷயத்திலும் ஒரு வம்பு செய்தது. விக்டோரியா கிராஸ் வாங்கிய ஹென்றி ஹுக் என்ற சிப்பாயைக் குடிகாரராகவும் சோம்பேறியாகவும் காட்டினார்கள். நிஜ ஹுக் மதுவைத் தொடாதவர். படத்தின் முதற்காட்சிக்கு வந்திருந்த அவருடைய வயதான மகள்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள் என்று சொல்வார்கள்.

*புகையும் சட்டமும்*

ஏன் இப்படித் தவறுகிறார்கள்? சோம்பல் மட்டும் காரணம் அல்ல. படப்பிடிப்பில் சுடுவது ஈயம் இல்லாத வெற்றுத் தோட்டா. தானாகச் சுடும் துப்பாக்கி, தோட்டாவைத் தள்ளும் அழுத்தத்தைக் கொண்டுதான் அடுத்த தோட்டாவை உள்ளே இழுக்கிறது. தள்ளுவதற்கு ஈயமே இல்லை என்றால் அழுத்தம் சேராது. அதனால் குழாய்க்குள் அடைப்பு வைத்து மாற்றியமைக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கியையும் அப்படி மாற்ற முடியாது. மாற்றியது எது கிடைக்கிறதோ அதுதான் நடிகர் கைக்கு வரும். 2021ல் அமெரிக்காவில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் வெடிக்காத போலித் தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் அசல் தோட்டா இருந்து, ஒளிப்பதிவாளர் உயிரிழந்தார். அதன்பிறகு பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, நெருப்பையும் புகையையும் கணினியில் சேர்க்கும் வழக்கம் பெருகியிருக்கிறது.

நம் பக்கம் இன்னும் கடினம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆயுதச் சட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அசல் போலத் தெரியும் போலித் துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருந்தாலே வம்பு. உள்ளூர்ப் படக்குழு ஒன்று 1942ஐப் படமாக்க நினைத்தால், முதல் வேலை காவல்துறைக்கு விண்ணப்பம் எழுதுவதுதான். அதை நினைத்தால் நம் படங்களில் வரும் சின்னத் தவறுகள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

*1942ஆ, 1948ஆ?*

இருந்தாலும் அடுத்த முறை மலாயாப் போரைக் காட்டும் படமோ தொடரோ பார்க்கும்போது சிலவற்றைக் கவனித்துப் பாருங்கள்.

1941 டிசம்பர் 8ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியதிலிருந்து 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது வரை, இந்தியச் சிப்பாய்களின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நம் பெரியவர்கள் சொல்வது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான். பத்துத் தோட்டா. முனை சப்பையாக, மூக்கு வெட்டியது போல இருக்கும். குழாய் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது பின்னால் வந்த நம்பர் 4. முனையில் புனல் போன்ற மூடியோடு குட்டையாக இருந்தால் அது நம்பர் 5, ‘ஜங்கிள் கார்பைன்’. உற்பத்தி தொடங்கியதே 1944ல். 1948ல் தொடங்கிய அவசரகாலத்தைப் பற்றிய படத்தில் அது இருந்தால் பொருத்தம். 1942ல் இருந்தால் தப்பு.

பக்கவாட்டில் தோட்டாப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டென் துப்பாக்கியும் அப்படியே. 1941ல்தான் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கினார்கள், மலாயா வீழ்வதற்குள் அது இங்கே வந்து சேரவில்லை. 1945ல் காட்டுக்குள் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு விமானத்திலிருந்து போட்டது வேறு கதை. அந்தக் கதையில் ஸ்டென் வரலாம்.

ஜப்பானியச் சிப்பாயின் அரிசாகா 38 ரைபிள் மிக நீளம், 128 செண்டிமீட்டர். கத்தி மாட்டினால் பிடித்திருப்பவரின் உயரத்துக்கு வந்துவிடும். படத்தில் அவர் பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கும் துப்பாக்கி மார்பு வரைகூட வரவில்லை என்றால் சந்தேகப்படலாம். கிட்டக் காட்சி வந்தால், தாழ்ப்பாளுக்கு முன்னால் குழாயின் மேற்புறத்தைப் பாருங்கள். பதினாறு இதழ் சாமந்திப் பூ முத்திரை இருக்கும். பேரரசரின் சின்னம், துப்பாக்கி அவருடைய சொத்து என்று அர்த்தம். 1945ல் சரணடைந்தபோது, பேரரசரின் பூ எதிரியின் கைக்குப் போகக்கூடாது என்று ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளில் அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் அரிசாகாக்களில் பல அப்படிப் பூவில்லாதவை. படக்குழுவுக்கு அசல் துப்பாக்கி வாடகைக்குக் கிடைத்தால் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். எனவே 1942 சிங்கப்பூர்த் தெருவில் மிடுக்காக நடந்து வரும் ஜப்பானியச் சிப்பாயின் துப்பாக்கியில், அவர் மூன்றரை வருடம் கழித்துத் தோற்கப்போவது ஏற்கனவே ராவிவைக்கப்பட்டிருக்கும்.

அந்த இடத்தில் நான் ரிமோட்டை எடுக்காமல் இருப்பது கஷ்டம்தான்.